பாசிக்குப் பந்தி

பாசி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொல்லித்தான் கள்ளக்குறிச்சியில் அறை கேட்டேன். வீட்டுக்கார அக்கா அதைப் பாசிமணி என்று எடுத்துக்கொண்டார். கோர்த்து விற்கிறவள் போலிருக்கிறது, நமக்கும் ஒரு மாலை கிடைக்கும் என்று நினைத்து வாடகையில்கூடக் கொஞ்சம் குறைத்தார். அப்புறம் ஏரித் தண்ணீர் நிரப்பிய பன்னிரண்டு பெரிய ஊறுகாய் பாட்டில்கள் வந்து இறங்கின. அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. தொட்டியில் பிடித்தால் தேங்காய் நார் போட்டுத் தேய்க்கிற சமாச்சாரத்தை வளர்ப்பதற்கென்றே ஒருத்தி சென்னையிலிருந்து வந்திருக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அவருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. என்னை அவர் டீச்சர் என்று கூப்பிடுவார். நான் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை.

என் வேலை இதுதான். ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு வகைப் பாசி. ஒன்று பச்சை. எதைக் கொடுத்தாலும் தின்று வளரும். இன்னொன்று பழுப்பு. அது தன்னைச் சுற்றிக் கண்ணாடியில் ஓடு கட்டிக்கொண்டு வாழும். அதற்கான மணல் சத்து தண்ணீரில் கரைந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே தண்ணீரில் போட்டி போட்டால் எது தோற்கும், ஏன் தோற்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை செய்து இரண்டும் பாழாகியிருந்தன. இதுவும் சரிவராவிட்டால் தலைப்பையே மாற்றிவிடலாம் என்று என் பேராசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார். மூன்று வருஷப் படிப்பு அந்தப் பன்னிரண்டு பாட்டிலில் இருந்தது. சுவரில் இருந்த இரண்டு தட்டுகளில் ஆறு ஆறாக அடுக்கிவைத்தேன்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த காலம் அது. அக்காவின் கணவரும் போராட்டத்தில் இருந்தார். நான் செய்தித்தாளும் பார்க்காமல், ஓடைத் தண்ணீர் எடுக்கக் கல்வராயன் மலைக்குக் கிளம்பினேன். சாயங்காலமே திரும்பிவிடலாம் என்று நினைப்பு. சாவியை அக்காவிடம் கொடுத்து, கொஞ்சம் பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டுப் போனேன். பூனை தட்டிவிடாமல் ஒரு கண் இருக்கட்டும் என்பதற்காகச் சொன்னது.

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது கீழே மறியல்காரர்கள் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை. பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் வீட்டில் சாமைச் சோறு தின்றுகொண்டு பத்து நாள் கிடந்தேன். பதினோராம் நாள் நடந்தே மலை இறங்கினேன். அடிவாரத்து வடக்கனந்தலைத் தாண்டியும் சாலையில் மரங்கள் கிடந்தன. தண்ணீர்க் கேனை முதலில் அந்தப் பக்கம் வைத்துவிட்டு அப்புறம் நான் ஏறிக் குதித்தேன். நாலாவது மரத்தில் புடவை கிழிந்தது.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். கவலையே வேண்டாம் என்றார். தினமும் காலையில் பாட்டிலிலிருந்து பழைய தண்ணீரை ஒரு டம்ளர் மொண்டு கொட்டிவிட்டு, கிணற்றுத் தண்ணீர் புதிதாக ஒரு டம்ளர் ஊற்றினாராம்.

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. அன்றும் நிற்கவில்லை. மூன்று வருஷத்தை ஒரு டம்ளரில் கொட்டிவிட்டீர்களே என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"பாத்துக்கன்னு நீங்கதான் சொல்லிட்டுப் போனீங்க. பாத்துக்கறதுன்னா இன்னா, சும்மா நின்னு பாக்கறதா?"

அறைக்குள் போனேன். மேல் தட்டில் ஆறு பாட்டிலும் கெட்டிப் பச்சை. கீழ்த் தட்டில் பச்சையோடு பழுப்பும் இருந்தது, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஜம்மென்று. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன், உயிரோடு இருந்தது. மேல் தட்டுக்கு ஊற்றவில்லையா என்று கேட்டேன். "கை எட்டலீங்க" என்றார், அப்போதுதான் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு.

அந்தக் கிணறு பாறையை உடைத்துத் தோண்டியது. தண்ணீரோடு மணல் சத்தும் தினம் ஒரு டம்ளர் வந்திருக்கிறது. பழுப்பு தோற்றது பலமில்லாமல் அல்ல, அதற்கு வேண்டியது வராமல்தான். ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குக் காப்பியும் தரவில்லை.

பேராசிரியருக்கு எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: இரண்டு தட்டுக்கும் வெளிச்சம் ஒன்றா? நியாயமான கேள்விதான். பன்னிரண்டு பாட்டிலையும் புதிதாக நிரப்பித் தரையில் ஒரே வரிசையாக வைத்தேன். ஒன்று விட்டு ஒன்றுக்குக் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினேன். நூல் கட்டியதற்குக் கிணற்றுத் தண்ணீர் கிடையாது. மூன்றாம் நாளே சென்னைக்கு வரச்சொல்லிப் பேராசிரியரிடமிருந்து தந்தி வந்தது. அக்காவை உட்காரவைத்து, எதற்கு ஊற்றணும், எதற்குக் கூடாது என்று இரண்டு முறை சொல்லி, அவரையும் திருப்பிச் சொல்லவைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். தப்பில்லாமல் சொன்னார்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோது பன்னிரண்டிலும் பழுப்பு.

இந்த முறை கத்தவில்லை. கத்தத் தெம்பில்லை. ஏன்க்கா என்று மட்டும் கேட்டேன்.

"வரிசையா ஒக்கார வெச்சிட்டுப் போயிட்டீங்க. ஒன்னுக்கு ஊத்தி, பக்கத்துல இருக்கறதுக்கு ஊத்தாம போனா பந்தி வஞ்சன இல்லீங்களா? அன்னைக்குக் கை எட்டல, வுட்டுட்டேன். இன்னைக்கு எட்டுதே. எங்க வூட்டுக்காரரு எதுக்கு ரோட்டுல போய் ஒக்காந்தாருன்னு நெனைக்கிறீங்க?"

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஊரைவிட்டு நகரவில்லை. டம்ளர் என் கையில்தான். அக்கா தினமும் காலையில் வந்து நிலைப்படியில் நிற்பார். நான் ஒன்றுக்கு ஊற்றி அடுத்ததைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கும் கை கூச ஆரம்பித்துவிட்டது, அதை யாரிடமும் சொல்லவில்லை. பத்து நாளில் நூல் கட்டிய ஆறும் வெறும் பச்சையாயின, மற்ற ஆறிலும் பழுப்பு நின்றது. மைக்ராஸ்கோப்பில் எண்ணி முடித்துக் கணக்கை அனுப்பினேன். பேராசிரியர் ஒப்புக்கொண்டார். என் ஆராய்ச்சி பிழைத்தது.

கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "இப்ப ஊத்தலாமா?" என்பதுதான். டம்ளரை அவரிடமே கொடுத்தேன். நூல்களை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஆறுக்கும் தினமும் ஊற்றினார். இரண்டு வாரம் பார்த்தோம். ஒரே ஒரு பாட்டிலின் அடியில் மெல்லிசாகப் பழுப்பு வளையம் ஒன்று வந்தது. மற்ற ஐந்தில் வரவேயில்லை.

அக்காவுக்கு அந்த ஒன்றில் அவ்வளவு சந்தோஷம். தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் கீழே வைத்துவிட்டு, "இதையே முன்னாடி ஊத்தியிருந்தா மீதி அஞ்சும் பொழைச்சிருக்கும்ல டீச்சர்?" என்றார்.

ஆமாங்க்கா என்றேன். அதை நிரூபிக்கத்தான் ஊற்றாமல் இருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.