ஆயம்மாவும் எக்ஸும்

அங்கன்வாடி ஆயம்மா வேலைக்குப் பிள்ளைகள் மேல் ஒரு கண்ணும் கொதிக்கிற பருப்பு மேல் ஒரு கண்ணும் இருந்தால் போதும். ஆனால் சித்தூர் பக்கம் பாலசமுத்திரத்தில் எங்கள் மையத்து டீச்சர் இடம் காலியாகப் போகிறது, பத்தாவது பாஸ் செய்தால் உனக்கே கிடைக்கும் என்றார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். பெருமாளை வேண்டிக்கொண்டு ஓபன் ஸ்கூலில் சேர்ந்தேன். மற்ற பாடத்திலெல்லாம் தேறிவிட்டேன், கணக்கு மட்டும் பாக்கி. கணக்கென்றால் ஓடி ஒளிகிற கூட்டாளிகளே, உங்களுக்குத்தான் இது.

தெரியாததை எழுதுவது

ஒரு எண்ணின் பாதியும், அதன் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் முப்பது, எண் என்ன? அதை எக்ஸ் என்று வைத்துக்கொள் என்றது புத்தகம். எவ்வளவு என்றே தெரியாததை எழுத எனக்குக் கை வரவில்லை, பொய் எழுதுவது போல இருந்தது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் கவிதாவுக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, பெருமாளை நேர்ல பாத்துட்டா கும்புட ஆரம்பிச்சே? இருக்காருன்னு வெச்சிக்கினுதானே கும்புடுறே? எக்ஸையும் அப்படி வெச்சிக்கோ, கடைசியில அதுவே வந்து நிக்கும்."

முப்பத்தாறாக வந்து நின்றது.

முழுசாக இல்லாத பையன்

ஞாயிறுதோறும் சித்தூரில் பத்மா மேடம் ஓபன் ஸ்கூலில் படிக்கும் எங்களுக்குக் கணக்கு வகுப்பெடுப்பார். தெலுங்குக்காரர், எனக்காகத் தமிழில் பேசுவார். ஒரு நாள் அவர் கொடுத்த கணக்கு: ஒரு வகுப்பில் இருபத்தைந்து பிள்ளைகள், பையன்களும் பெண்களும் இரண்டுக்கு மூன்று என்ற விகிதம், பையன்கள் எத்தனை? நான் இருபத்தைந்தில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்து, பதினாறு பையன்களும் இன்னொரு பையனில் மூன்றில் இரண்டும் என்று எழுதி, பெருமையாக நீட்டினேன். இரண்டு எக்ஸ், மூன்று எக்ஸ், மொத்தம் ஐந்து எக்ஸ் என்று பொறுமையாகப் போட்டுக் காட்டி, பத்துப் பையன்களை வரவழைத்த பிறகுதான் சிரித்தார்.

"உங்க சென்டர்ல அந்த மீதிப் பையன் வந்தா, முட்டை எப்படிம்மா ஊட்டுவீங்க?"

மகளுக்குக் குறைச்சல்

ஒருவர் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு மகனுக்கு, நான்கில் ஒரு பங்கு மகளுக்கு, மிச்சம் பத்து ஏக்கர் தனக்கு, மொத்த நிலம் எவ்வளவு? எனக்கு மனசு ஆறவில்லை. இரண்டும் பெற்ற பிள்ளைதானே, அதென்ன மகளுக்கு மட்டும் கம்மி? இரண்டு பேருக்கும் மூன்றில் ஒன்று போட்டேன், விடை தப்பாகிவிட்டது. பத்மா மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆயம்மா, மொதல்ல லெக்கை, அதான் கணக்கை முடிங்க, பஞ்சாயத்து அப்புறம் வெச்சிக்கலாம்!"

விளக்குக் கணக்கு

பரீட்சை திருப்பதியில். அதில் ஒரு கணக்கு: கோயிலில் ஏற்றிய விளக்குகளில் ஐந்தில் இரண்டு பங்கு அணைந்துவிட்டன, பதினெட்டு எரிகின்றன, ஏற்றியவை எத்தனை? விடை முப்பது என்று தெரிந்துவிட்டது. ஆனால் சாமி விளக்கை 'அணைந்தது' என்று எழுத மனசு வரவில்லை. வெகுநேரம் தவித்து, 'குளிர்ந்த விளக்குகள்' என்று எழுதினேன். அதற்குள் மணி அடித்து, கடைசிக் கணக்கு நின்றுபோனது. டீச்சர் வேலை போச்சு என்று வெளியே வந்து அழுதேன். எங்கள் வகுப்பில் படிக்கும் ஆட்டோக்காரர் முனிரத்தினம் பக்கத்தில் வந்து, நடந்ததைக் கேட்டுக்கொண்டார்.

"யக்கா, பேப்பர் திருத்துறவரு விளக்கா ஏத்தப்போறாரு? முப்பதுன்னு போட்டுக்கீற இல்ல, வா, டீ குடிச்சிக்கினே போலாம்."

பாஸானேன், வேலையும் வந்தது. இத்தனை நல்லவர்கள் பாடுபட்டு எனக்கு எக்ஸைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், நான் மையத்தில் தினமும் சொல்லிக்கொடுப்பதோ ஒண்ணு ரெண்டு மூணுதான், அதிலும் மூணு வருவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள்.