டோசர் பறந்து போன மலை

என் தங்கையைக் கட்டியவனும் நானும் அதற்கு முன்பே கூட்டாளிகள். அரியலூரைச் சுற்றியிருக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் ஒன்றில் அவன் மண் தள்ளுகிற டோசர் ஓட்டினான். நான் அங்கே மெக்கானிக். வண்டி படுத்துவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். அவன் வண்டிக்கு மட்டும் அதிகம் கூப்பிட்டதில்லை, அவ்வளவு பதமாக ஓட்டுவான். எனக்குப் பெரம்பலூர் பக்கம், அவனுக்குத் திருமானூர். அவன் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த நாள் வரைக்கும் நாங்கள் 'வாடா போடா'தான். கல்யாணத்துக்குப் பிறகு 'டா' போய் 'மச்சான்' வந்தது. 'நீ' மட்டும் போகவில்லை.

அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை. என் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தினார்கள். குத்தும்போது அவள் அழவில்லை, நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று தங்கை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

சுரங்கத்தில் வேலை குறைந்த சமயம், இமயமலையில் ரோடு போடும் ஒரு காண்டிராக்டர் ஆள் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு இருவரும் கிளம்பினோம். மலை எங்களுக்குப் புதிது. எங்கள் பக்கம் வெட்டினால் கீழே போகும். பள்ளம்தான் எங்களுக்குத் தெரிந்த உயரம். அங்கே போய் முதல் தடவை அண்ணாந்து பார்த்தவன், "மச்சான், கழுத்து வலிக்குது. இங்க சாமி எங்க இருப்பாரு, இதுக்கும் மேலயா?" என்றான்.

இரண்டாவது வருஷ மழையில் மலை சரிந்தது. எல்லையோரம் இருந்த கடைசி ஊருக்குப் போகிற ரோடு முழுக்க ஆற்றுக்குள் போய்விட்டது. கீழேயிருந்து மட்டும் வெட்டிக்கொண்டு போனால் பனி விழுவதற்குள் அந்த ஊரை எட்ட முடியாது, மேலேயிருந்தும் ஒரு வண்டி வெட்டிக்கொண்டு இறங்கவேண்டும் என்று முடிவானது. ரோடே இல்லாத இடத்துக்கு வண்டி எப்படிப் போகும்? ஹெலிகாப்டரில்தான். எங்கள் காண்டிராக்டர் தன்னிடம் இருந்த சின்ன டோசரைக் கொடுத்தார். அதை ஓட்ட அவன். கழற்றி மாட்ட நான்.

சின்ன டோசர் என்றாலும் அப்படியே தூக்க முடியாது. உயரம் போகப் போகக் காற்று மெலிந்துவிடும். கீழே லேசாகத் தூக்குகிற எடையை மேலே கொண்டுபோய் இறக்க ஹெலிகாப்டருக்குத் தெம்பு இருக்காது. அதனால் முதலில் முன்னாலிருக்கிற பிளேடைக் கழற்றினேன். பிறகு சக்கரத்துக்குப் பதிலாக ஓடுகிற இரண்டு பக்க இரும்புச் செயின், ஓட்டுகிறவன் உட்காரும் கூண்டு, கடைசியில் எஞ்சினோடு சேர்ந்த உடம்பு. டேங்கிலிருந்த டீசலைச் சொட்டு விடாமல் வடித்தேன். ஒவ்வொரு நட்டையும் தனித்தனிப் பையில் போட்டுக் கட்டுகிறதைப் பார்த்துக்கொண்டே, "கோழி உரிக்கிற மாதிரில்ல உரிக்கிற. மேல போயி திரும்ப உசுரு வருமா?" என்று கேட்டான். "வரும், நீ வாயை மூடு" என்றேன்.

தூக்குகிற நாள் காலையில் வானம் தெளிவாக இருந்தது. மதியத்துக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிடும், அதனால் எல்லாம் காலையிலேயே முடியவேண்டும். ஹெலிகாப்டர் எங்கள் தலைக்கு மேலே வந்து நின்றபோது புழுதியும் பொடிக்கல்லும் முகத்தில் அறைந்தன. அதன் வயிற்றிலிருந்து கம்பி வடம் தொங்கியது. நுனியிலிருந்த கொக்கியை வெறுங்கையால் தொடக் கூடாது, ஷாக் அடிக்கும். தரையில் ஊன்றிய கம்பியால் முதலில் அதைத் தொட்டுவிட்டு, பிறகுதான் மாட்டவேண்டும். பிளேடை மாட்டினோம். அது தரையை விட்டுக் கிளம்பி மெதுவாகச் சுற்றிக்கொண்டே மேலே போனது. அடுத்தடுத்த நடையில் செயினும் கூண்டும் போயின. எஞ்சின் உடம்பு தொங்கிக்கொண்டு மலை முகட்டைத் தாண்டுவதை அவன் போனில் வீடியோ எடுத்தான்.

கடைசி நடைக்கு முன்னால் அந்த வீடியோவை வீட்டுக்கு அனுப்பினான். மேலே போனால் சிக்னல் கிடையாது. குழந்தை உடனே கூப்பிட்டாள்.

"அப்பா, உங்க வண்டி பறக்குதுப்பா!"

"ஆமாண்டா தங்கம்."

"நீங்களும் அதுலயே தொங்கிக்கிட்டா போறீங்க?"

"இல்லடா, அப்பா உள்ள சீட்ல உக்காந்து போறேன். மாமாவும் வர்றாரு."

"மாமாவ கெட்டியாப் புடிச்சுக்கச் சொல்லுங்க."

நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி.

மேலே வண்டியைத் திரும்ப மாட்டி முடிப்பதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. குளிரில் பேட்டரி பலவீனமாகிவிட்டது. ஒருவழியாக எஞ்சின் பிடித்துக் கரும்புகை கக்கியபோது அந்த ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். ஒரு கிழவி வண்டிக்குப் பொட்டு வைத்தாள். அவன் ஏறி உட்கார்ந்து பிளேடை மண்ணில் இறக்கினான். எங்கள் சுரங்கத்தில் பார்த்த அதே கை, அதே நிதானம். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஆறு. செயினின் பாதி அந்தரத்தில் நிற்கிற இடத்திலெல்லாம் அவன் வெட்டினான். என்னால் பார்க்க முடியாமல் திரும்பிக்கொள்வேன்.

அங்கே ஒரு காவல் முகாம் இருந்தது. அவர்களிடம் ஒரு சாட்டிலைட் போன். ஒரு காலையில் அதில் எனக்கு அழைப்பு வந்தது. என் அப்பா.

"தம்பி, பாப்பாவுக்கு நாலஞ்சு நாளா காச்சல். அரியலூர்ல காட்டுனோம், தஞ்சாவூருக்குக் கொண்டுபோவச் சொல்லிட்டாங்க. இப்ப தஞ்சாவூர்லதான் இருக்கோம். ரத்தத்துல ஏதோ அணு கொறஞ்சுபோச்சுன்றாங்க. மாப்ளைய வரச்சொல்லு. நீயும் வா."

அப்பா எதையும் பெரிதுபடுத்திப் பேசுகிற ஆள் இல்லை. அவர் 'வா' என்றால் வரவேண்டும்.

முகாம் அதிகாரி நல்லவர். எங்கள் இந்தி அரைகுறை. ஆனாலும் மகளுக்கு அவர்கள் சொல்லும் 'பேட்டி', அதோடு 'ஆஸ்பத்திரி', இந்த இரண்டு சொல்லும் அவருக்குப் போதுமாக இருந்தது. உடனே கீழே பேசினார். வானம் திறந்தால் நாளைக் காலை ஹெலிகாப்டர் வரும் என்றார்கள். அன்று மதியமே மேகம் இறங்கிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் பையோடு இறங்குதளத்தில் போய் நின்றோம். எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. ஒரு நேரத்தில் கீழே பள்ளத்தாக்கிலிருந்து சத்தம் கேட்டது. அவன் என் கையைப் பிடித்தான். "வந்துட்டான் மச்சான்." சத்தம் நெருங்கியது, எங்களுக்கு நேர் கீழே சுற்றியது. பிறகு தேய்ந்தது. அது முழுக்க அடங்கியபிறகும் அவன் கையை எடுக்கவில்லை.

"நடந்து போவலாமா?" என்றான்.

நடக்க வழி இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். சரிவிலிருந்து அப்போதும் பாறை உருண்டுகொண்டிருந்தது. முகாம்காரர்கள் விடவும் மாட்டார்கள். அதற்கடுத்த காலையும் மேகம். அவன் பையை என்னிடம் கொடுத்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தான்.

"இப்ப எங்க போற?"

"நின்னுக்கிட்டு இருக்கறதுக்கு வெட்டலாம் மச்சான். கீழேர்ந்து வெட்டிக்கிட்டு வர்றவனுக்கும் எனக்கும் நடுவுல இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. ரோடு தொறந்துட்டா எவன் தயவும் வேணாம்."

அன்று அவன் ஓட்டியது போல் நான் யார் ஓட்டியும் பார்த்ததில்லை. சாப்பிட இறங்கவில்லை. நான் ரொட்டியைச் சுருட்டி வாயில் வைத்தேன், மென்றுகொண்டே லீவரை இழுத்தான். முகாம்காரர்களும் ஊர்க்காரர்களும் கடப்பாரையோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். எதற்காக அவசரம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிற்பகலில் ஒரு சிப்பாய் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். நான் வாங்கினேன். முதலில் பெண்கள் அழுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு அப்பா, "தம்பி, நம்ம பாப்பா போயிடுச்சுடா" என்றார்.

அவன் வண்டியில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தால் திரும்பப் பிடிக்காது என்று காலையிலிருந்து அதை யாரும் அணைக்கவில்லை. நான் செயின் மேல் ஏறி அவனருகே போனேன். போனை அவன் காதில் வைத்தேன்.

அப்பா கேட்டது எனக்கும் கேட்டது. "மாப்ள, ஐஸ் பெட்டி கொண்டாரச் சொல்லட்டுமா? நீங்க வர்ற வரைக்கும் வச்சிருக்கோம். எப்ப வருவீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அவன் முன்னால் கிடந்த மண்ணைப் பார்த்தான். இன்னும் எவ்வளவு வெட்டவேண்டும் என்று அவனுக்குத்தான் தெரியும்.

"வேணாம் மாமா," என்றான். "பச்சப் புள்ளைய பெட்டியில வைக்க வேணாம். எடுத்துடுங்க."

போனை என்னிடம் தந்தான். நான் கீழே இறங்கினேன். அவன் பிளேடை இறக்கித் திரும்ப வெட்ட ஆரம்பித்தான். யாரும் தடுக்கவில்லை. எனக்கு அங்கே ஒரு கல்லின் மேல் உட்காரத்தான் முடிந்தது. தாய்மாமன் நான் குழந்தைமேல் போட்டிருக்கவேண்டிய கோடித்துணியை ஊரில் வேறு யாரோ போட்டிருப்பார்கள்.

கீழேயிருந்து வந்த வண்டியும் அவன் வண்டியும் சந்தித்தபோது அந்தப் பக்கத்து ஆட்கள் கத்திக் கூத்தாடினார்கள். இந்தப் பக்கம் யாரும் கத்தாததைப் பார்த்துவிட்டு அடங்கினார்கள். அவன் இறங்கி, தான் வெட்டிய மண்ணின் மேலேயே நடந்து அந்தப் பக்கம் போனான். நான் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஜீப், ரயில், பிறகு விமானம், திருச்சியிலிருந்து கார். வழி நெடுக அவன் பேசியது ஒரே தடவை. கார் கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது, "தண்ணி ஜாஸ்தியா வருதே" என்றான்.

திருமானூர் வீட்டு வாசலில் பந்தல் பிரித்த குழிகள் இன்னும் மூடாமல் இருந்தன. தங்கை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்தாள், அழவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"ஏண்ணே, அத்தாம் பெரிய இரும்பத் தூக்கிக்கிட்டுப் போனாங்களே. இவர ஒரு ஆளத் தூக்கிட்டு வர முடியலியா?"

மேகத்தைப் பற்றிச் சொல்லலாம். காற்றைப் பற்றிச் சொல்லலாம். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

அதன்பிறகு நாங்கள் மலைக்குப் போகவில்லை. அவன் ஊரோடு இருந்துவிட்டான்; ஏரி தூர் வாருகிற வேலை, வயல் சமப்படுத்துகிற வேலை என்று சுற்றுவட்டாரத்திலேயே ஓட்டுகிறான். நான் பெரம்பலூரில் சின்னதாக ஒரு ஒர்க் ஷாப் போட்டேன். சொந்தக்காரர்கள் மட்டும் ஒரு பேச்சை விடவில்லை. பெற்றவன் வந்து முகத்தைப் பார்ப்பதற்குள் என் அப்பா அவசரப்பட்டுக் குழந்தையை அடக்கம் பண்ணிவிட்டார் என்று கல்யாணம், காரியம் எங்கே கூடினாலும் பேசினார்கள். அப்பா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. மருமகன் பெயர் அடிபடக் கூடாது என்று நினைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அவன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவன் சோற்றில் கை வைக்காமல் தங்கையைப் பார்த்துச் சொன்னான். "மாமா மேல தப்பு இல்ல. அவரு கேட்டாரு, வச்சிருக்கட்டுமான்னு. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

தங்கை குழம்புக் கரண்டியோடு நின்றாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "அப்பா ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தாரு. நான் பாப்பா பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

அவன் தலை குனிந்தது.

"நீங்க சொன்னது சரிதாங்க. அவள அந்தப் பெட்டிக்குள்ள வச்சுப் பாக்க என்னாலயும் முடிஞ்சிருக்காது. ஆனா நீங்க பேசறப்ப வண்டி ஓடற சத்தம் கேட்டுச்சு. அத ஒரு நிமிசம் நிறுத்தியிருக்கலாம்ல?"

"பேட்டரி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவள் குழம்பை ஊற்றினாள். அவன் பிசைந்து சாப்பிட்டான். கண்ணீர் இலையில் விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்று, மோர் வேண்டுமா என்று கேட்டாள்.

இப்போது தங்கை ஊர் அங்கன்வாடியில் சமையல் வேலைக்குப் போகிறாள். வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம், கேட்கவில்லை. அவன்தான் காலையில் பைக்கில் கொண்டுபோய் விடுகிறான். சமயத்தில் நான் போகும்போது வாசலுக்கு வெளியிலேயே அவர்கள் ஏதோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்கும். நான் உள்ளே நுழைந்ததும் அது நின்றுவிடும். "வா மச்சான்" என்று அவன் எழுந்து நாற்காலியைப் போடுவான், அவள் தண்ணீர் கொண்டுவருவாள். என்னைப் பார்த்தால் அவர்களுக்கு எது ஞாபகம் வருகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் நான் இப்போதெல்லாம் அடிக்கடி போவதில்லை.