வீட்டுக்கு இரண்டு கட்சி

மெல்போர்னில் தேர்தல் ஒரு சனிக்கிழமையில் வரும். பள்ளிக்கூட வாசலில் சாசேஜ் இறைச்சி சுடுவார்கள். அதை ரொட்டியில் சுருட்டித் தின்றுகொண்டே சனம் வரிசையில் நிற்கும். உள்ளே போனால் கையில் பென்சில் தருகிறார்கள். ஒருவருக்கு மட்டும் குத்திவிட்டு வர முடியாது. நிற்கிற அத்தனை பேருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட வேண்டும். நாம் ஒன்று போட்டவர் தேறாவிட்டால் நம் ஓட்டு இரண்டு போட்டவருக்குப் போய்ச் சேரும். குடியுரிமை வாங்கி முதல்முறை ஓட்டுப் போட்ட அன்று, ஒரு சின்னக் கட்சிக்கு ஒன்று போடப் போனவன் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு ஹெலன் அந்தச் சின்னக் கட்சிக்காக வாசலில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். தூறலில் பெரிய கட்சிக்காரர் ஒருவரும் அவர் குடைக்குள் நின்றார். உங்கள் வீட்டில் எந்தக் கட்சி என்று ஹெலன் கேட்டார். பெரியண்ணன் ஒரு கட்சி, சின்னண்ணன் எதிர்க்கட்சி என்றேன். “ஐயோ, பேசிக்கொள்வார்களா?” என்று முகம் வாடினார். பேசி வைத்துத்தான் பிரிந்தார்கள் என்றேன். நான் ஏதோ வேடிக்கை சொல்வதாக நினைத்துச் சிரித்தார்.

வேடிக்கை ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் அனுமந்தன்பட்டிக்குப் பக்கம். தோப்பைப் பாகம் பிரித்தது போலவே அப்பா கட்சியையும் பிரித்துக் கொடுத்தார். மூத்தவனுக்கு இது, இளையவனுக்கு அது. யார் ஆட்சிக்கு வந்தாலும், கிணற்றுக்குக் கரண்டு வாங்கவோ போலீஸ் ஸ்டேஷனில் பேசவோ வீட்டில் ஒரு ஆள் இருக்கும். எங்கள் ஊரில் வசதியான குடும்பங்கள் பலவும் இப்படித்தான் செய்துகொண்டன. தேர்தல் வந்தால் அண்ணன்கள் மைக்கில் ஒருவரையொருவர் நாறடிப்பார்கள். மத்தியானம் ஒரே சட்டிக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார்கள். கடைக்குட்டி நான். “ஒனக்குக் கட்சி மிச்சமில்லடா, நீ ஃபாரின் போயிரு” என்று சின்னண்ணன் கேலி செய்வார். எந்தத் தேர்தலிலும் எங்கள் வீடு தோற்றதில்லை. ஊர் ஜெயித்ததா என்று நாங்கள் யாரும் கேட்டதும் இல்லை.

கேட்டவள் மகேஸ்வரி அக்கா. அண்ணன்களுக்கு இளையவள், எனக்கு மூத்தவள். அதே ஊரில் அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அவள் தெருவில் குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே ஓடியது. வருஷம் தவறாமல் மஞ்சள்காமாலை. பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று அதில் போய்ச் சேர்ந்தது. அக்கா பெரியண்ணனிடம் போனால் “அவிங்க ஆட்சியில போட்ட குழாய்” என்பார். சின்னண்ணனிடம் போனால் “இவிங்க ஆட்சியில ஒடஞ்ச குழாய்” என்பார். பேரூராட்சித் தேர்தல் வந்தது. எந்தக் கூட்டணியிலும் சேராத ஒரு சின்னக் கட்சி ஆள் தேடிக்கொண்டிருந்தது. அக்கா அந்த வார்டுக்கு நின்றுவிட்டாள்.

இரண்டு அண்ணன்களும் ‘எங்க வீட்டு ஓட்டு நமக்குத்தான்’ என்று அவரவர் கட்சியில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அக்கா தோற்றாள். ஆனால் அவள் வாங்கிய ஓட்டில் பெரியண்ணனின் ஆள் கவிழ்ந்தார். தங்கச்சியே அண்ணனைக் கவிழ்த்துவிட்டாள் என்று ஊர் பேசியது. தன் ஆள் ஜெயித்தும் சின்னண்ணனுக்கு மரியாதை இல்லை. ‘தங்கச்சி போட்ட பிச்சை’ என்று அவர் கட்சிக்காரர்களே சிரித்தார்கள். இத்தனை வருஷம் எதிரெதிராக நின்ற இருவரும் முதல்முறையாக ஒரு விஷயத்தில் சேர்ந்தார்கள். அக்காவோடு பேச்சு இல்லை, போக்குவரத்து இல்லை.

அவள் மகள் சுகன்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அக்கா எனக்குப் போன் போட்டாள்.

“பத்திரிகையோட வாசல்ல போயி நின்னேன்டா. பெரியண்ணன் வெளியவே வரல. சின்னண்ணன் வர மாட்டாகளாம், மதினி சொன்னாக. தாய்மாமன் மூணு பேரு இருந்தும் எம்புள்ள அநாதையாட்டம் மணவறைக்கு நடந்து போகணுமா?”

எங்கள் பக்கம் தாய்மாமன் சீரோடு வந்து, மாலை போட்டு, பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். அது நடக்காவிட்டால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டு ஆதரவு இல்லை என்று சம்பந்தி வீட்டார் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவார்கள். நான் வருகிறேன் என்றேன். அண்ணன்கள் இருவரும் தனித்தனியாகப் போன் செய்து ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். “அங்கன சீர் தூக்குனா இங்கன படியேறாத.”

சீர்த்தட்டுகள், மேளத்தோடு நான் தெருவில் நடந்தபோது அண்ணன்களின் வீடு இரண்டும் சாத்தியிருந்தன. இரண்டு வாசலிலும் இரண்டு கொடிகள். கோயிலில் மாலை போட்டு நான் அழைத்து வந்த சுகன்யாவின் கை என் கைக்குள் சில்லிட்டிருந்தது. “மாமா, நீங்களாவது வந்தீகளே” என்றாள். அக்கா தெருவுக்குள் நுழைந்ததும் காலுக்கடியில் புதுச் சிமெண்ட். சாக்கடையை விட்டு விலக்கிப் புதுக்குழாய் போட்டிருந்தார்கள். ஜெயித்த சின்னண்ணன் கட்சிக்காரர் போட்டது. விட்டால் அடுத்த முறையும் இவள் நின்றுவிடுவாள் என்ற பயம். தோற்ற மூன்றாவது ஆள்தான் ஜெயித்தவரை வேலை வாங்கியிருக்கிறாள். மூன்றாவது கட்சியால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்டால் இந்தக் குழாயைக் காட்டுவேன். அதற்கு ஆன செலவைக் கேட்டால் அக்காவைக் காட்ட வேண்டியிருக்கும்.

அக்கா வீட்டில் சம்பந்திகள் நிறைந்திருந்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து டவுனான கம்பத்தில் ஒரு லாட்ஜுக்குப் போனேன். ரிசப்ஷனில் இருந்தவர் என் பேச்சைக் கேட்டு, “நம்ம பக்கமா சார்? உள்ளூர் ஆளுக்கு ரூம் எதுக்கு?” என்று சிரித்தபடி ஆதார் கேட்டார். இல்லை என்று என் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டை நீட்டினேன். சிரிப்பை நிறுத்தி அதைப் புரட்டினார். பிறகு எழுந்து நின்று, தெரிந்த இங்கிலீஷில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, ஊரில் எத்தனை நாள் தங்குவேன் என்று விசாரிக்கத் தொடங்கினார்.