அப்பா நின்ற இடம்

வெள்ளவத்தை பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் இளம் ரீச்சர் இருந்தார். போனைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். வகுப்புப் பிள்ளைகளின் குடும்பப் படங்களை, அவர்களுக்கே கொடுக்க அட்டையாக்குகிறாராம்.

“போனில இது புதுசா வந்திருக்கு அம்மா. படத்தில தேய்ச்சா ஆள் போயிடும்.”

தேய்த்தார். ஒரு தகப்பன் மறைந்தார். அவர் நின்ற இடத்தில் சுவர் தானாக வந்தது.

“ஏன் பிள்ளை?”

“தாய்தான் அவரை எடுத்துவிடச் சொன்னவ. படகில வெளிநாடு போன மனுசன், ஒரு கதையுமில்லை.”

“செத்துப்போனாரோ?”

“அப்பிடியெண்டா மாலை போட்டு விடலாம். ஆருக்கும் தெரியாதே. நாளைக்குப் பிள்ளை, அப்பா எங்கை எண்டு என்னைத்தான் கேக்கும்.”

தகப்பனைத் திரும்பக் கொண்டுவந்தார். மறுபடி தேய்த்தார்.

“நீங்களெண்டா என்ன செய்வீங்கள்?”

என் இடம் வர இறங்கிவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு எந்தப் படம் போனதோ, இன்றுவரை தெரியாது.