கார்டில் ஏற்றிய வயது

முதல் நாள் ரத்தம் எடுத்தபோது கத்திவாக்கத்தில் வலை பின்னும் கொட்டகையில் இருந்தவர்கள்: முதுமையை ஆராயும் டாக்டர். ஊசி போடும் நர்ஸ். என் மாமியார். மாமியாரின் அண்ணன், எனக்குப் பெரிய மாமா. எங்கள் தெருக் கிழங்கள். நோட்டோடு நான்.

ஐந்தாவது வரை படித்தவள் நான். ஆனால் எந்த வீட்டில் யாருக்கு என்ன வயது என்று தெரியும். அதற்குத்தான் டாக்டர் என்னை வேலைக்கு வைத்தார். ஆறு வருஷம் செய்தேன்.

எங்கள் ஆட்களுக்கு ஆயுசு கெட்டி என்பது அவர் கட்சி. ஓட்டர் கார்டில் எண்பத்தெட்டு இருக்கும். ஆள் வலை இழுப்பார்.

"இன்னா டாக்டரு, மாசா மாசம் ரத்தத்த எட்த்துகினு போறியே, வித்துப் பொயக்கிறியா?" என்றார் மாமியார் ஒரு முறை.

"இல்ல ஆயா. உன்ன மாதிரி எல்லாரும் நூறு வயசு இருக்கணும்னுதான்."

"அப்போ இவள மாதிரி மருமவளும் வோணும். தாங்குவியா?"

ஒரு நாள் டாக்டர் என்னைத் தனியே கேட்டார். "இந்த வயசெல்லாம் நிஜமாம்மா?"

மீன் படாத வருஷங்களில், முதியோர் பென்ஷனுக்காக வயதைக் கூட்டிக் கார்டு வாங்கியவர்கள் அவர்கள். சிலர் பத்து, சிலர் பதினைந்து. தெருவுக்கே தெரியும். வெளியாளிடம் சொல்ல மாட்டோம். நான் சொன்னேன். கார்டு வயதுக்குப் பக்கத்தில் உண்மை வயதையும் எழுதச் சொன்னார். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி எழும்பியபோது யாருக்கு எத்தனை பிள்ளை என்று விசாரித்துக் கணக்குப் போட்டு எழுதினேன்.

"இது உனக்கும் எனக்கும்தான்," என்றார்.

மேடையில் அவர் சொன்னதெல்லாம் கார்டு வயதுதான். பரிசு வாங்கினார். வெளிநாடு போனார். நர்ஸ் போனில் காட்டினாள். நான் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும்.

போன வருஷம் ஒரு கூட்டத்தில் யாரோ அந்த வயதுகளைச் சந்தேகப்பட்டார்களாம். குப்பத்து ஆட்கள் பொய்க் கார்டு காட்டித் தன்னை ஏமாற்றியதாக டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். சாட்சிக்கு, உண்மை வயது எழுதிய என் நோட்டு. நர்ஸ்தான் சொன்னாள்.

அது பென்ஷன் ஆபீசுக்கும் போனது. அதிகாரி தெருவுக்கே வந்து நோட்டின் ஜெராக்ஸை நீட்டினார். பெரிய மாமா வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"யாரு எய்த்து இது?"

"என்துதான் மாமா."

"நம்ம வூட்டு சமாசாரத்த நீயே எய்திக் குட்த்தியா?"

"வெளிய போவாதுன்னாரு."

"அவுரு சொன்னாரு, நீ நம்பிக்கின." அதிகாரி பக்கம் திரும்பினார். "சார், இப்போ நெஜமாவே எனுக்கு எயுவது ஆவுது. இப்பக்கூடவா குடுக்க மாட்டீங்க?"

"பொய்க் கார்டு பெரியவரே. விசாரணை முடியட்டும்."

டாக்டருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மாமியார் தனியே உலை வைத்தார். நான் ஆக்கியதைத் தொடவில்லை.

அந்த மாதம் பென்ஷன் நின்றது பதினோரு பேருக்கு.