நான் சொல்லாத ஆமா

போன ஞாயிற்றுக்கிழமை திற்பரப்பில் வைத்து என் குரலை நானே கேட்டேன். சித்தி மகன் கல்ஃபிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். வேன் பிடித்து அம்மாவையும் என்னையும் சேர்த்து எல்லோரையும் அருவிக்குக் கூட்டிப்போனான். குளித்துவிட்டு வந்து தலைகூடத் துவட்டாமல் ஏத்தம்பழ பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம். பக்கத்து வேனில் பையன்கள் ஸ்பீக்கர் வைத்து ஆடினார்கள். செண்டை அடி, கிட்டார், நடுவில் ஒரு பெண் குரல் "ஆமா, ஆமா, ஆமா" என்று வெட்டி வெட்டி வந்தது. சளி கட்டின அந்தக் கட்டைக் குரல் என்னுடையதுதான். வேனுக்குள் உட்கார்ந்திருந்த அம்மா காதிலும் விழுந்தது. அவள் என்னைப் பார்த்து ஒன்று கேட்டாள். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது சொன்னால் மற்றதை எழுத எனக்குக் கை ஓடாது.

பஜ்ஜி எண்ணெய் வாசனை என்றால் எனக்குக் கோட்டாறுதான். அங்கே ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் பில் போடும் வேலைக்கு நானும் அஜிதாவும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். பக்கத்தில் டீக்கடை. நாள் முழுக்க எண்ணெய்ப் புகையும் மிளகாய் நெடியும். நான் தும்மிய தும்மலுக்கே முதலாளி தனியாகச் சம்பளம் தந்திருக்க வேண்டும். காலையில் இரணியலில் பாசஞ்சர் ஏறுவோம். அஜிதா கதவோரம் நின்று கதை சொல்லுவாள். அவள் ஊர் அம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவள். அதில் ஒருவர் கதை சொல்ல, பக்கத்தில் இருப்பவர் வரிக்கு வரி "ஆமா" போடவேண்டும். போட்டால்தான் கதை நகரும். அஜிதாவும் அப்படித்தான். நான் ஆமா போடாவிட்டால் அதே வரியில் நின்றுவிடுவாள். "ஏட்டி, நின்னுட்டே உறங்கிட்டியா?" என்று கையில் கிள்ளுவாள்.

எனக்குப் பாட வராது. சர்ச் பாடகர் குழுவில் என்னை வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள். கிறிஸ்துமஸ் போட்டோவில் பார்த்தால் நான்தான் எல்லோரையும்விட உருகிப் பாடுவதுபோல இருக்கும்.

அஜிதா தானே பாட்டுக் கட்டிப் பாடி நெட்டில் ஆல்பமாகப் போடுவாள். முதல் ஆல்பத்தில் மழை, காதல், இன்னும் கொஞ்சம் மழை. வீட்டில் வைத்து போனில் பதிந்தது. ஒரு பாட்டில் நாய் குரைக்கிறது. நாய் நன்றாகத்தான் குரைத்திருந்தது. இரண்டாவதில் ஆள் மாறிவிட்டாள். கிட்டாரை வைத்துக்கொண்டு கதை மட்டும்தான் சொல்லப்போகிறேன், எல்லாம் இங்கே நம்மைச் சுற்றி உள்ள ஆட்களின் கதை என்றாள். ஆமா போட நீ வா என்றாள். பாட்டுக் கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. ஸ்டுடியோவுக்கு வழியில்லை. அவள் மாமாவின் ரப்பர் தோட்டத்தில் ஒரு புகைப்புரை உண்டு. ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காயவைக்கிற சின்ன அறை. சுற்றிலும் ஷீட் தொங்கினால் எதிரொலி வராது என்று அவள் அண்ணன் கண்டுபிடித்தான். அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தோம். அப்படி ஒரு நாற்றம். வீட்டுக்குப் போனால் அம்மா என்னை முற்றத்திலேயே நிறுத்திச் சோப்பை நீட்டுவாள்.

அந்த ஆல்பத்தில் ஒரு கதை என் தம்பி ஷிபுவினுடையது.

ஷிபு கொத்தனார். ஒரு ஏஜெண்டை நம்பி கல்ஃபுக்குப் போனான். வெள்ளிக்கிழமைதோறும் போன் வரும். பிறகு வரவில்லை. அவன் ஓடிப்போய்விட்டான் என்றது கம்பெனி. ஏஜெண்ட் நம்பரை மாற்றிவிட்டான். நான் மனு கொடுக்காத ஆபீஸ் இல்லை. ஒரு இடத்தில், அங்கே வேறு குடும்பம் வைத்திருப்பானோ என்று ஒருவன் சிரித்தான். அந்த மேசையை அப்படியே கவிழ்த்திருக்க வேண்டும். ஆளும் இல்லை, உடம்பும் இல்லை. சொந்தக்காரர்கள் நினைவு ஆராதனை நடத்திவிடலாம், கல்லறைத் தோட்டத்தில் பேருக்கு ஒரு கல் வைக்கலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். கல் வைக்க வருகிறவன் முதலில் எனக்கு என் பிள்ளையைக் காட்டட்டும் என்றாள் அம்மா. அதோடு வாயை மூடினார்கள்.

அஜிதா எங்களிடம் கேட்டுத்தான் எழுதினாள். போகிற அன்று ஏர்போர்ட்டில் மீன் ஊறுகாயைக் கொண்டுபோக விடாதபோது, அவன் அங்கேயே நின்று பாதியை வழித்துத் தின்றதுகூடப் பாட்டில் உண்டு. நான் சிரித்துக்கொண்டே ஆமா போட்டேன். கடைசியில் ஒரு வரி வந்தது. அதை எனக்கு முன்னால் காட்டியிருக்கவில்லை.

"மணலோட மணலா படுத்தான் எங்க ஷிபு."

கிட்டார் என் ஆமாவுக்காக அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடி அதே வரியைப் பாடினாள். நான் தொங்கிய ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கிட்டாரிலிருந்து கையை எடுத்தாள்.

"கதைண்ணா முடியணும் மக்கா."

"முடிஞ்சத நீ பாத்தியா?"

 அந்த இடத்தை அவள் வெட்டவில்லை. ஆல்பத்தில் அப்படியேதான் இருக்கிறது. அந்த வரி இரண்டு தடவை, ஆமா வரவேண்டிய இடத்தில் வெறும் கிட்டார், பிறகு அதுவும் நின்றுவிடும். ரிக்கார்டிங் கோளாறா என்று சிலர் எழுதிக் கேட்டார்கள். அவள் விளக்கம் சொல்லவில்லை. அதற்காகவே அந்த வரியை எழுதியதை நான் பொறுத்துக்கொண்டேன்.

தினமும் சாயங்காலம் அம்மா அந்தப் பாட்டைப் போடச் சொல்லுவாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். அந்த இடம் வந்ததும், தலையைத் தூக்காமல், "இல்ல" என்பாள். பிறகு என்னிடம், "நீ ஆமா சொல்லல்ல, கேட்டியா" என்பாள், எனக்கே மறந்துபோனதுபோல. கம்பெனி சொன்னதையும் ஆபீசில் சொன்னதையும் தூக்கிப்போட அவளுக்கு அது போதுமாக இருந்தது.

திற்பரப்பில் ஓடியது எவனோ வெட்டி ஒட்டியது. ஆட்டத்துக்கு அந்த இடைவெளி இடைஞ்சலாக இருந்திருக்கும். ஊறுகாய் வரியில் நான் சிரித்துக்கொண்டு போட்ட ஆமாவை எடுத்து அங்கே நிரப்பிவிட்டான். மணலோட மணலா படுத்தான் எங்க ஷிபு. ஆமா. ஆமா. ஆமா. பையன்கள் கையைத் தூக்கிக் குதித்தார்கள். என்ன பாட்டு என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் குதித்திருப்பார்கள்.

அம்மா கேட்டாள்: "இத நீ எப்பம் சொன்ன, மக்களே?"

நான் சொல்லவில்லை, ஒட்டியிருக்கிறார்கள் என்று வீடு வருகிறவரை விளக்கினேன். தலையாட்டினாள். வீட்டில் சரியான பாட்டைப் போட்டேன். அந்த இடம் வந்தது, போனது. அம்மா "இல்ல" சொல்லவில்லை. அஜிதா சண்டை போட்டு அந்த ஒட்டுப் பாட்டின் ஒரு வீடியோவை நெட்டிலிருந்து நீக்கவைத்தாள். அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. வியாழக்கிழமை காலையில் அம்மா சோறு வடித்துக்கொண்டே, "பாஸ்டர்ட்ட சொல்லு. கல்லு வச்சிரலாம்" என்றாள்.

பாசஞ்சர் இப்போதும் இரணியலில் நிற்கிறது. புகைப்புரையில் ஷீட் தொங்குகிறது. எங்கள் வீட்டில் அந்த ஒரு "இல்ல" மட்டும் போய்விட்டது. நேற்றுச் சாயங்காலம் நானே பாட்டைப் போட்டு, அந்த இடத்தில் அதைச் சொல்லிப் பார்த்தேன். வாய்தான் அசைந்தது.