ஆயாவும் அங்கிளும்

எழுபதுகளில் பாலக்காட்டில் விடுதியில் தங்கி ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். என் ஊர் வண்டிப்பெரியார். அங்கே தேயிலைத் தோட்டத்து மானேஜர் பங்களாவில் அம்மா ஆயா வேலை பார்த்தாள். நாங்கள் குடியிருந்தது கீழே, தொழிலாளர் லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில்.

ஒருநாள் வகுப்பில் பேராசிரியை 'அவுஸ்' என்ற லத்தீன் சொல்லை விளக்கினார். தாத்தா என்று பொருள். அதன் பெண்பால் 'அவியா', பாட்டி. அது போர்த்துக்கீசியரிடம் பிள்ளை வளர்ப்பவளைக் குறிக்கும் சொல்லாகி, அவர்களோடு கப்பலேறி வந்து நம் ஆயா ஆயிற்றாம். தாத்தாவின் வழியில் வந்த இன்னொரு சொல் பிரெஞ்சுக்குப் போய், பிறகு ஆங்கிலத்தில் 'அங்கிள்' ஆனதாம். ஆயாவும் அங்கிளும் ஒரே குடும்பம் என்று சிரித்தவர், யார் வீட்டில் ஆயா உண்டு என்று கேட்டார். வசதியான வீட்டுப் பெண்கள் சிலர் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். பொய்யில்லை. ஆனால் மற்றவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்துதான் தூக்கினேன்.

என் பக்கத்தில் உட்காரும் தோழி கோவிந்தாபுரத்து விவசாயக் குடும்பத்துப் பெண். நான் தேயிலைத் தோட்டத்துப் பெண் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். அன்றுமுதல் என்னை மானேஜர் மகள் என்றே நினைத்தாள். நான் திருத்தவில்லை.

விடுமுறையில் தன் அப்பாவோடு தேக்கடி பார்க்க வந்தவள், வழியில் அவரை வண்டியில் இருக்கச் சொல்லிவிட்டு நேரே பங்களாவுக்குப் போய்விட்டாள். நான் லயத்து வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி வந்தாள். அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"ஏட்டி, காலேஜுல என்னயப் பத்திச் சொன்னியாமே? வாசல்ல நின்னுக்கிட்டு, உன் பேரச் சொல்லி, நீங்கதானே ஆயான்னு கேக்குது இந்தப் பிள்ள. என் மவ சொன்னாளான்னு கேட்டேன். கையோட கூட்டியாந்துட்டேன்."

சோப்பு நுரையோடு நின்றேன். தோழி என் ஈரப் பாவாடையை, லயத்தை, அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஆமாங்கம்மா. சொன்னாளுங்க."

அம்மா கொடுத்த கட்டன் சாயாவை முழுக்கக் குடித்துவிட்டுப் போனாள். அதன்பின் கல்லூரியில் வழக்கம்போல என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என் வீட்டைப் பற்றி மட்டும் கேட்பதே இல்லை.

அம்மாதான் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள், மகள் படிக்கிற இடத்தில் தன் வேலையைப் பெருமையாகப் பேசுகிறாள் என்று. அவள் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். கடைசிவரை அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.